குவானஹுவாத்தோ, சான் மிகெல், கெரேத்தரோ: ஆறு நாளில் வெளியில் சுற்ற எங்கெங்கே போகலாம்?

#1 ஆற்றோரம்

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. டெக்சாஸிலிருந்து கிளம்புகிறோம். நான், மனைவி, 11 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா (64). கடற்கரை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். மெக்சிக்கோவின் நடுவில், ஸ்பானியர் காலத்து வெள்ளி ஊர்கள் இருக்கும் பாஹீயோ பகுதிக்குப் போகலாம் என்று எண்ணம்.

தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும் ஓரளவுக்குப் போதும். வெளியில் நடக்க வேண்டும், மலை ஏற வேண்டும், காற்று வாங்க வேண்டும். கேள்விகள் இவைதான். எந்த ஊரில் தங்குவது? வண்டி எடுப்பதா, பஸ்ஸா? அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார், சமாளிக்க முடியுமா? குவானஹுவாத்தோவில் மம்மிகள் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, பையன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறான். கூட்டிப்போகலாமா?

#2 கெரேத்தரோவாசி

வணக்கம் தம்பி. வேலை நிமித்தம் கெரேத்தரோவில் நாலு வருஷம் குடும்பத்தோடு இருந்தேன். சனி ஞாயிறு வந்தால் வீட்டில் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரை இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிக்கோ விசா தேவையில்லை. அம்மாவின் விசிட்டர் விசாவும் இதில் சேரும். ஆனால் முத்திரையின் தேதி முடிந்து, கையில் வெறும் அனுமதிக் கடிதம் மட்டும் இருந்தால் அது செல்லாது. விதிகள் மாறலாம், கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

ஹூஸ்டன், டல்லாஸ் இரண்டிலிருந்தும் லெயோன் விமான நிலையத்துக்கும் கெரேத்தரோவுக்கும் நேரடி விமானம் உண்டு. லெயோனில் இறங்கி கெரேத்தரோவிலிருந்து திரும்புங்கள். வந்த வழியே திரும்பாமல் ஒரு நாள் மிச்சமாகும். குவானஹுவாத்தோவில் மூன்று இரவு, சான் மிகெல் டி அயெண்டேயில் இரண்டு, கெரேத்தரோவில் ஒன்று. இதுதான் என் கணக்கு.

வண்டி வேண்டாம். குவானஹுவாத்தோ ஒரு பள்ளத்தாக்குக்குள் நெருக்கிக் கட்டிய ஊர். போக்குவரத்தில் பாதி பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகளில் ஓடுகிறது. உள்ளே போனால் செல்போன் வழிகாட்டி ஊமையாகிவிடும். நான் முதல் தடவை அங்கே முக்கால் மணி நேரம் சுற்றி, வெளியே வந்தபோது போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிர் மலையில் நின்றேன். ஊர்களுக்கு நடுவே நல்ல பஸ் இருக்கிறது. குவானஹுவாத்தோவிலிருந்து சான் மிகெல் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து கெரேத்தரோ ஒன்றேகால் மணி நேரம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவானஹுவாத்தோ மாநிலத்தின் தெற்கே செலாயா, சலமாங்கா, இராப்புவாத்தோ பக்கம் பல வருஷமாக வன்முறை அதிகம். நீங்கள் போகும் ஊர்கள் வேறு, அங்கே சுற்றுலாக் குடும்பங்கள் இரவு பதினொரு மணிக்கும் நடமாடும். இருந்தாலும் ஊர்விட்டு ஊர் போவதைப் பகலிலேயே முடியுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிவிப்பையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, பெர்னால் பாறையை விட்டுவிடாதீர்கள். கெரேத்தரோவிலிருந்து ஒரு மணி நேரம். சமவெளியில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும். உலகின் பெரிய ஒற்றைக்கல் மலைகளில் மூன்றாவது என்று உள்ளூரில் சொல்வார்கள். உயரத்தை ஒருவர் 433 மீட்டர் என்பார், இன்னொருவர் 288 என்பார். கீழே நின்று பார்த்தால் அந்தக் கணக்கு எதுவும் மனதில் நிற்காது. பாதி உயரத்தில் சிறிய பிரார்த்தனை மண்டபம் ஒன்று உண்டு. அதுவரை நடந்தே போகலாம், ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும். மே 3 சிலுவைத் திருநாளை ஒட்டி ஊர் மக்கள் பெரிய மரச் சிலுவை ஒன்றை உச்சிக்குச் சுமந்து போவார்கள். அதை நான் கீழே நின்று ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இந்தப் பாறையைச் சுற்றி வாழும் ஒத்தோமி மக்களின் நினைவிடங்களும் மரபுகளும் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

#3 மலைநடை

குவானஹுவாத்தோவில் ஒரு காலை முழுக்க லா பூஃபாவுக்கு ஒதுக்குங்கள். ஊருக்குத் தெற்கே செங்குத்தாகத் தெரியும் பாறைக் குன்று அது. ஊரைச் சுற்றும் பனோரமிக்கா சாலைவரை டாக்சியில் போய் அங்கிருந்து நடக்கலாம். போக வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது. ஊரே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதல் நாளே ஏறினால் மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் ஏறுங்கள்.

மேலே உட்கார்ந்து பார்த்தால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். பின்னால் திரும்பினால் காய்ந்த மலைகள், ஒரு வீடு கிடையாது. ஊர் ஏன் இந்த இடத்தில் மட்டும் இப்படி நெருங்கிக் கிடக்கிறது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பிப்ரவரியில் மழைப் பயம் இல்லை. நான் போனது ஆகஸ்டில். மதியம் இரண்டு மணிக்குத் திடீரென்று இருட்டிக்கொண்டு இடி இறங்கியது. அந்த மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமே இல்லை. மழைக் காலத்தில் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். இதை நான் பட்டுச் சொல்கிறேன்.

#4 கள்ளிச்செடி

சான் மிகெலில் எல்லோரும் அந்த ரோஸ் நிறத் தேவாலயத்தின் முன் படம் எடுத்துவிட்டுக் கடை கடையாக ஏறுவார்கள். நீங்கள் எல் சார்கோ தெல் இன்ஹெனியோவுக்குப் போங்கள். ஊரின் மேட்டில், ஒரு மலையிடுக்கை ஒட்டி 1991இல் தொடங்கிய தாவரத் தோட்டம். மெக்சிக்கோவின் பல மூலைகளிலிருந்து, அழியும் நிலையில் உள்ளவை உட்பட, கள்ளி வகைகளைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். நீர்த்தேக்கம், பழைய ஆலையின் இடிபாடு, கீழே பாறைக் குடைவில் ஒரு குளம். அந்தக் குளத்தை எல் சான் என்ற நீர்வாழ் பூதம் காவல் காக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அம்மா நடக்கும்படி சமமான பாதைகளும் இருக்கின்றன.

நம்மவர்களுக்கு அங்கே ஒரு தனி அனுபவம் கிடைக்கும். நம்மூர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்குப் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். பழம் பறிக்கப் போய் விரல் முழுக்கப் பொடி முள் ஏறிய நாட்கள் என் தலைமுறைக்கு நினைவிருக்கும். நம் ஊரில் அது காடாய்ப் பரவி, 1920களில் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டு அழித்தார்கள். இங்கே அதன் உறவுக் கள்ளி ஒன்றின் இளம் மடல்தான் நொபால், தினசரிக் காய்கறி. சந்தையில் பாட்டிமார் உட்கார்ந்து கத்தியால் முள்ளைச் சீவிக்கொண்டே இருப்பார்கள். பழத்துக்கு இங்கே தூனா என்று பெயர். அது கோடையில்தான் வரும், பிப்ரவரியில் எதிர்பார்க்காதீர்கள்.

மெஸ்கீத்தே மரத்தையும் கவனியுங்கள். பார்த்தவுடன் சீமைக்கருவேலம் என்று சொல்லிவிடுவீர்கள். நெருங்கிய உறவுதான். நாம் வேரோடு பிடுங்கத் துடிக்கிற மரத்தின் பங்காளியை இவர்கள் நிழலுக்காக முற்றத்தில் விட்டு வைக்கிறார்கள், காயை மாவாக்குகிறார்கள். அந்த மண்ணில் அது அளவோடு நிற்கிறது. அந்த மரத்தின் கீழ் நான் வெகுநேரம் நின்றேன்.

#5 ஆற்றோரம்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. லெயோனில் இறங்கி கெரேத்தரோவில் ஏறுவது என்று டிக்கெட் போட்டுவிட்டேன். குவானஹுவாத்தோவில் வெள்ளிச் சுரங்கத்துக்குள் போகலாம் என்கிறார்கள். போகிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

#6 பழையகாசு

இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குள் எவ்வளவு இருக்கிறதோ அதைவிட அதிகம் வெளியே இருக்கிறது.

வலென்சியானா ஊருக்கு மேலே, பஸ்ஸில் கொஞ்ச நேரம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக வெள்ளி தந்த சுரங்கங்களில் ஒன்று. அதன் பங்குதாரர் ஒப்ரெகோனுக்கு வலென்சியானா பிரபு என்று பட்டமே கிடைத்தது. அந்தப் பணத்தில் எழுந்த சான் கயெத்தானோ தேவாலயம் 1788இல் முடிந்தது. உள்ளே பீடங்கள் முழுக்கத் தங்க முலாம். 1803இல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் வந்து இந்தச் சுரங்கத்தை அளந்து எழுதினார். பழைய செங்குத்துக் குழி 500 மீட்டருக்கு மேல் ஆழம். பயணிகளை வேறு ஒரு வாயில் வழியாகக் கொஞ்ச தூரம் மட்டும் இறக்குவார்கள். படிகள் செங்குத்து, ஈரம். அம்மா மேலேயே இருக்கட்டும்.

அந்தக் கொஞ்ச தூரம் இறங்கி ஏறும்போது, முதுகில் தாது மூட்டையோடு நாள் முழுக்க இதையே செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். மேலே வந்த தாதுவின் கதையும் லேசானதல்ல. அரைத்து, உப்பும் பாதரசமும் சேர்த்து, கல் பாவிய முற்றத்தில் சேறாய்ப் பரப்பி, கோவேறு கழுதைகளை வாரக்கணக்கில் மிதிக்க விடுவார்கள். பாதரசம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஓட்டுவார்கள். இந்த முற்ற முறையை 1554இல் பச்சூக்காவில் பார்த்தலோமே தெ மெதீனா நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அப்படி வெள்ளி பிரித்த பண்ணை ஒன்றுதான் ஊருக்கு வெளியே மார்ஃபில் வழியில் இருக்கும் சான் கப்ரியேல் தெ பர்ரேரா. இன்று அது தோட்டங்கள், நிழல், கல் பெஞ்சுகள். அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள், ஒரு மதியம் அமைதியாகப் போகும்.

இப்போது ஆறு. நீங்கள் 'ஆற்றோரம்' என்று பெயர் வைத்திருப்பதால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். இந்த ஊரின் நடுவே ஒரு ஆறு ஓடியது. சுரங்கக் கழிவும் மண்ணும் படுகையை உயர்த்திக்கொண்டே போக, வெள்ளம் திரும்பத் திரும்ப ஊரை அடித்தது. மக்கள் பழைய வீடுகளைக் கீழே விட்டு மேலே கட்டினார்கள். சான் தியேகோ தேவாலயத்தின் பழைய மடம் இன்றைய தெரு மட்டத்துக்குக் கீழே புதைந்து கிடக்கிறது, இறங்கிப் பார்க்கலாம். 1905இல் வந்த பெருவெள்ளம் பலரைக் கொண்டுபோனது. அதன் பிறகு மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பினார்கள். வறண்ட படுகையை 1960களில் சாலையாக்கினார்கள். கெரேத்தரோவாசி வழி தொலைத்தது அந்தப் பாதைகளில்தான். காலை ஏழு மணிக்கு வண்டி குறைவாக இருக்கும்போது அங்கே நடைபாதையில் நடங்கள். தலைக்கு மேலே கல் வளைவுகள், வளைவுகளின் மேல் வீடுகள். மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே ஆறு ஓடிய காலம் கண்ணில் வரும்.

இன்னொன்று, நமக்குத் தொடர்புள்ளது. மெக்சிக்கோ வெள்ளி அக்கபுல்கோவில் கப்பலேறி மணிலா போனது. சோழமண்டலக் கரைத் துணிகள் சென்னையிலிருந்து மணிலா போயின. இந்த வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஆர்மீனியர் பெட்ரஸ் உஸ்கான்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பழைய நாணயம் சேர்க்கிறவன் என்ற முறையில், மெக்சிக்கோ வெள்ளியைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாலம் நினைவுக்கு வரும்.

#7 மலைநடை

> வெளியே இருக்கிறது

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அலோண்டிகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1810 செப்டம்பர் 28 அன்று, ஸ்பானியருக்கு எதிராக விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இடால்கோவின் படை இந்தத் தானியக் களஞ்சியத்தைப் பிடித்தது. பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கல் பலகையைக் கட்டிக்கொண்டு குண்டுமழைக்குள் போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. அடுத்த வருஷம் இடால்கோ, அயெண்டே, அல்தாமா, ஹிமேனெஸ் நால்வரின் தலைகளையும் இதே கட்டடத்தின் நாலு மூலையிலும் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன. கட்டடத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தாலே நாலு பெயர்களும் மூலைகளில் தெரியும்.

மேலே பீப்பிலாவின் சிலை நிற்கிறது. ஹுவாரெஸ் அரங்கத்தின் பின்னாலிருந்து இழுவை ரயில் உண்டு, அம்மா ஏறிவிடலாம். 'எரிக்க வேண்டிய அலோண்டிகாக்கள் இன்னும் இருக்கின்றன' என்று அடியில் பொறித்திருக்கிறார்கள். சூரியன் மறைய அரை மணிக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

முத்தச் சந்து பற்றி யாராவது சொல்வார்கள். 68 சென்டிமீட்டர் அகலம், முன்னால் நீண்ட வரிசை. பக்கத்துச் சந்துகளில் நடந்தால் அதே அழகு, வரிசை இல்லாமல்.

#8 கெரேத்தரோவாசி

மம்மிகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகளுக்கு 9 வயதில் கூட்டிப்போனேன். தவறு செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கைக்குழந்தைகளின் உடல்களும் அங்கே இருக்கின்றன, புனிதர் மாதிரி உடுத்தி அடக்கம் செய்த குழந்தைகள். மகள் ஒன்றும் பேசவில்லை, இரண்டு இரவு எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்டாள்.

#9 பழையகாசு

எனக்கு வேறு காரணத்தால் மனம் ஒப்பவில்லை. இவர்கள் எகிப்து ராஜாக்கள் அல்ல. இந்த ஊரில் கல்லறை மாடத்துக்குத் தொடர்ந்து வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. கட்ட ஆளில்லாத உடல்களை 1865 முதல் வெளியே எடுத்தார்கள். வறண்ட காற்றில் அவை கெடாமல் காய்ந்திருந்தன. பணம் கட்ட முடியாதவர்களின் அப்பா அம்மாவும் பிள்ளைகளும்தான் கண்ணாடிப் பெட்டியில் நிற்கிறார்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. 2024இல் ஒரு மம்மியின் கை கழன்றுபோனதை அந்நாட்டுத் தொல்லியல் நிறுவனமே வெளிப்படையாகக் கண்டித்தது.

#10 கள்ளிச்செடி

நான் பழையகாசுவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் முழுக்க ஏற்கவில்லை. நவம்பர் முதல் இரண்டு நாள் நான் அங்கே இருந்தேன். இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைத்து, சாமந்திப் பூ பரப்பி, கல்லறையில் குடும்பத்தோடு இரவைக் கழிக்கிறவர்கள் அவர்கள். மம்மிகளைப் பார்க்க வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளோடு வந்த மெக்சிக்கோக் குடும்பங்கள். ஒரு பாட்டி சிலுவைக் குறி போட்டு நகர்ந்ததைப் பார்த்தேன். அவர்கள் சாவைப் பார்க்கும் விதம் நம்முடையதல்ல. பையனிடம் முதலிலேயே என்ன இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவனையே முடிவெடுக்க விடுங்கள்.

#11 அடுப்படி

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் கேட்டால் போதாது, கோழி வந்துவிடும். கோழியை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சாதம் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். 'மாமிசம், கோழி, கொழுப்பு, முட்டை எதுவும் வேண்டாம்' என்று ஸ்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி அம்மா பையில் வையுங்கள்.

அதைத் தாண்டிவிட்டால் நிறைய இருக்கிறது. பூசணிப் பூ வைத்து மடித்த சோள ரொட்டி, கெசடீயா என்பார்கள். சோளக் கதிரில் வளரும் கரும்பூஞ்சையை வதக்கி வைத்த கெசடீயாவும் உண்டு, அம்மாவுக்குத் தயக்கம் இருக்கும், நீங்கள் விட்டுவிடாதீர்கள். சுட்ட நொபால். எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தூவிய சோளம். குவானஹுவாத்தோவில் சுரங்கத்தார் என்சிலாடா என்று ஒன்று, சிவப்பு மிளகாய்ச் சாறில் தோய்த்த சோள ரொட்டிக்குள் சீஸ், மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும். கோழி வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். பெர்னாலில் உடைத்த சோளத்தில் செய்யும் கொர்தீத்தா என்ற தடித்த ரொட்டி, பாறை ஏறி இறங்கிய பசிக்கு அதைவிட நல்லது இல்லை.

செலாயாவின் கஹேத்தா எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆட்டுப்பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சியது. வாயில் வைத்தவுடன் திரட்டுப்பால் என்று அம்மா சொல்லுவார் பாருங்கள்.

#12 மலைநடை

ஒரு மாற்றுக் கருத்து. சான் மிகெலில் இரண்டு இரவு அதிகம். அமெரிக்க, கனடிய ஓய்வுபெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறி, நடு ஊரில் வாடகை உள்ளூர்க்காரர் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. காலை உணவு விலையைப் பார்த்தால் டெக்சாஸில் இருக்கிற மாதிரியே இருக்கும். அந்த ஒரு இரவை மினெரால் தெ போசோஸுக்குக் கொடுக்கலாம். சுரங்கம் ஓய்ந்து ஊர் காலியாகி, கூரையில்லாத கல் வீடுகளும், சான்தா பிரீகிதாவின் மூன்று கூம்பு உலைகளும் கள்ளிக்காட்டில் நிற்கும் இடம். மாலை வெயிலில் அந்த உலைகளைப் பார்த்தபின் நான் இரண்டு தடவை திரும்பப் போனேன். திறந்த குழிகள் வேலியில்லாமல் இருக்கின்றன, பையன் கையை விடாதீர்கள்.

#13 கெரேத்தரோவாசி

வாடகை பற்றிச் சொன்னது உண்மை, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சான் மிகெலை அந்த நடுச் சதுக்கத்தை வைத்து எடைபோடக் கூடாது. அந்தத் தேவாலயத்தின் முகப்பையே பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செஃபெரீனோ குத்தியேர்ரெஸ் என்ற உள்ளூர்க் கல்தச்சர் எழுப்பியது. ஐரோப்பியத் தேவாலயங்களின் அச்சுப் படங்களைப் பார்த்து, தன் போக்கில் கட்டினார் என்கிறார்கள். அதிகாலை ஆறரைக்குப் போய் நின்றால் அது உங்களுக்கே சொந்தம்.

அப்புறம் அத்தோத்தோனில்கோ. சான் மிகெலிலிருந்து 14 கிலோமீட்டர். வெளியே வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே கூரை, சுவர், வளைவு என்று ஒரு சாண் விடாமல் ஓவியம். மிகெல் அந்தோனியோ மார்த்தீனெஸ் தெ பொக்காசாங்ரே என்பவர் சுமார் முப்பது வருஷம் வரைந்தது. 1810இல் இடால்கோ இங்கேதான் குவாதலூப்பே மாதாவின் பதாகையை எடுத்துப் படையின் கொடியாக்கினார். பக்கத்திலேயே வெந்நீர் ஊற்றுகள். பிப்ரவரி காலைக் குளிரில் அம்மாவின் முழங்காலுக்கு அது மருந்து.

கன்யாதா தெ லா விர்ஹென் பிரமிடுகளும் சான் மிகெலிலிருந்துதான். ஸ்பானியருக்குப் பல நூறு வருஷம் முன்பே எழுந்தவை, பொதுமக்களுக்குத் திறந்தது 2011இல். சொந்த வண்டியில் வாசல்வரைதான், அங்கிருந்து அவர்கள் வண்டியில் கொஞ்ச தூரம், பிறகு வெயிலில் நடை. திங்கள்கிழமை மூடியிருக்கும்.

#14 ஆற்றோரம்

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

லா பூஃபாவுக்கு இரண்டாம் நாள் நானும் பையனும் மட்டும் போனோம். ஏழேகாலுக்குத் தொடங்கியபோது ஸ்வெட்டர் தேவைப்பட்டது, ஒன்பது மணிக்கு இடுப்பில் கட்டிக்கொண்டோம். மேலே நாங்கள் இருவரும் ஒரு நாயும்தான்.

மம்மி விஷயத்தை அக்கா சொன்னபடி பையனிடமே விட்டேன். பழையகாசு எழுதியதையும் படித்துக் காட்டினேன். "வரி கட்டலைன்னா எடுத்து வைப்பாங்களா?" என்று கேட்டான். பிறகு வேண்டாம் என்றுவிட்டான். வாசலில் விற்கும் மம்மி வடிவ மிட்டாய் மட்டும் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது, நான் சற்றும் எதிர்பார்க்காத இடம். காலையில் சுரங்கச் சாலையில் நடந்தபோது ஆறு ஓடிய இடம் இது என்று சொன்னேன். "அந்தத் தண்ணி இப்ப எங்க போகுது?" என்று விடாமல் கேட்டார். சரி என்று பஸ் பிடித்து ஊரின் தலைமாட்டில் இருக்கும் பிரேசா தெ லா ஓயா என்ற பழைய அணைக்குக் கூட்டிப்போனேன். 18ஆம் நூற்றாண்டில் ஊரின் குடிநீருக்காகக் கட்டியது. சிறிய நீர்த்தேக்கம், படகுகள், சுற்றி மரங்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்த் துண்டோடு அம்மா அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியும் அவரும் மொழியே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சான் மிகெலில் இரண்டு இரவு இருந்தோம். மலைநடை சொன்ன விலை உண்மை. ஆனால் எல் சார்கோவுக்கு மறுநாளும் போனோம், அதனால் இரண்டு இரவும் வீணில்லை. போசோஸ் போக நேரமில்லை, அதில் எனக்கு வருத்தம். வழியில் ஒரு மதியம் டொலோரெஸ் இடால்கோவில் இறங்கினோம். 1810இல் விடுதலைக் குரல் எழுந்த தேவாலய வாசல் முன்னால் அவகாடோ ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். இறால் ஐஸ்கிரீமும் இருந்தது, பையன் ஒரு கரண்டி ருசி பார்த்தான். பாடகர் ஹொசே அல்ஃப்ரேதோ ஹிமேனெஸின் கல்லறைக்கும் போனோம், மாபெரும் தொப்பி வடிவில் கட்டியிருக்கிறார்கள்.

கெரேத்தரோ நீர்ப்பாலம், 74 வளைவுகள். மாலையில் அதன் அடியில் நடந்தோம். அங்கேயும் அம்மா தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டார். பெர்னாலில் பையன் மண்டபம்வரை என்னை முந்திக்கொண்டு ஏறினான். என் மனைவி பாதியில் உட்கார்ந்து, அந்தப் பாறையின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்ப மனமே வரவில்லை.

அடுப்படி, சீட்டு எங்களைக் காப்பாற்றியது. கஹேத்தாவை வாயில் வைத்ததும் அம்மா சொன்னது நீங்கள் எழுதிய அதே வார்த்தை.

#15 கள்ளிச்செடி

இரண்டாம் தடவையும் எல் சார்கோ போனீர்கள் என்று படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. அம்மாவுக்கு என் வணக்கம்.

#16 நெல்வயல்

இந்த இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எங்களுக்கு ஜூலையில்தான் லீவு. மழைக் காலம் என்கிறீர்கள், தள்ளிப்போட்டுவிடலாமா?

#17 பழையகாசு

தள்ளிப்போட வேண்டாம். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், மலை பச்சையாக இருக்கும், தூனாவும் சந்தைக்கு வந்திருக்கும். முடிந்தால் ஜூலை முதல் திங்கள்கிழமை குவானஹுவாத்தோவில் இருக்கும்படி பாருங்கள். பிரேசா தெ லா ஓயாவின் மதகைத் திறந்துவிடும் திருநாள் அன்றைக்கு. தேக்கி வைத்த தண்ணீர் பாய்ந்து ஆற்றின் வழியைக் கழுவிக்கொண்டு போகும், ஊரே பாட்டும் சாப்பாடுமாகக் கரையில் கூடி நிற்கும். பதினொரு மணிக்கெல்லாம் போய் இடம் பிடியுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.